ஐப்பசி மழைக்கு முன் வீட்டைத் தயார் செய்வது: மதுரைப் பக்கத்து மின்தடைக்கு ஒரு கையேடு

ஐப்பசி பிறந்துவிட்டால் மதுரைப் பக்கம் மத்தியானம் வரை வெயில் கொளுத்தும். நாலு மணிக்கு மேல் வானம் கறுத்துக்கொண்டு வரும். ஆறு மணிக்குள் இடி, முதல் இடியோடு கரண்டும் போய்விடும். கோடை முழுக்கக் கம்பத்துப் பீங்கான்களில் படிந்த தூசி மழையில் நனைந்ததும், கம்பியில் ஓடும் மின்சாரம் அந்த ஈரத் தூசி வழியே கம்பத்தில் இறங்கப் பார்க்கும். சப்ஸ்டேஷனில் பிரேக்கர் விழுந்துவிடும். வேப்பங்கிளையோ தென்னை மட்டையோ 11 கே.வி. கம்பியில் உரசினாலும் இதேதான். மார்கழியில் மழை நின்ற பிறகும் விடியற்காலையில் கரண்ட் போகிறதே, அதற்கும் பனி ஈரமும் தூசியும் ஒரு காரணம்.

இப்படிப் போகும் கரண்ட் பெரும்பாலும் அரை மணியிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் வந்துவிடும். எப்போதாவது ஒரு ராத்திரி முழுக்க வராது. புயல் என்றால் கணக்கே வேறு. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா கரையேறியபோது ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. புதுக்கோட்டை, தஞ்சாவூர்ப் பக்கக் கிராமங்கள் பலவற்றில் வாரக்கணக்கில் இருட்டு. மதுரைக்கு அவ்வளவு அடி அபூர்வம். ஆகவே ஒரு ராத்திரியைச் சிரமமில்லாமல் கழிக்கவும், இரண்டு நாளைச் சமாளிக்கவும் வீட்டைத் தயார் செய்தால் போதும். புரட்டாசி கடைசிக்குள் இதை முடித்துவிடுங்கள். மழை இறங்கிய பிறகு எலக்ட்ரீஷியன் கிடைக்க மாட்டார், பேட்டரிக் கடையிலும் கூட்டம்.

முதலில் தண்ணீர்

எல்லோரும் இன்வெர்ட்டரைப் பற்றித்தான் முதலில் யோசிக்கிறார்கள். ஆனால் வீட்டை முதலில் படுத்துவது தண்ணீர். இருட்டில் மூன்று மணி நேரம் உட்கார்ந்துவிடலாம். மாடித் தொட்டி காலியாக இருக்கும்போது கரண்ட் போனால் கக்கூஸ்கூடப் போக முடியாது. 1 ஹெச்.பி. மோட்டார் ஓடும்போது ஏறக்குறைய ஆயிரம் வாட் இழுக்கும், கிளம்பும் நொடியில் அதைப்போலப் பல மடங்கு. சாதாரண வீட்டு இன்வெர்ட்டர் அதைத் தாங்காது. தாங்க வைக்கவும் முயற்சிக்காதீர்கள்.

நாலு பேர் உள்ள வீட்டுக்கு ஒரு நாளைக்குக் குடிக்க, சமைக்க 20 முதல் 25 லிட்டர். கழிவறை, கை கால் கழுவ, அளவாகக் குளிக்க 160 லிட்டர் என்று வையுங்கள். இரண்டு நாளைக்கு 400 லிட்டர். மாடியில் 1000 லிட்டர் தொட்டி இருந்தால் அது எப்போதும் பாதிக்குக் கீழே இறங்கக் கூடாது, அவ்வளவுதான். 500 லிட்டர் தொட்டி என்றால் மழைக் காலத்தில் காலையும் மாலையும் நிரப்பி வையுங்கள். சம்பிலிருந்து ஏற்ற முக்கால் மணி நேரம் போதும். ஆழமான போர் என்றால் இரண்டு மணி நேரம்கூட ஆகும், அதனால் வானம் கறுத்த பிறகு மோட்டார் போட ஓடுவது பலிக்காது. மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் போட்டுவிடுவதே வழக்கமாகட்டும்.

ஆர்.ஓ. மெஷின் கரண்ட் இல்லாமல் ஓடாது. குடிக்கும் தண்ணீர் இரண்டு குடம் எப்போதும் பிடித்து மூடி வையுங்கள். சம்ப் வைத்திருப்பவர்கள் கயிறு கட்டிய ஒரு வாளியைச் சம்புப் பக்கத்திலேயே தொங்க விடுங்கள். ஐயாயிரம் லிட்டர் காலடியில் இருந்தும் எடுக்க வழியில்லாமல் நிற்கும் வீடுகள் உண்டு. எடுத்ததும் மூடியைச் சாத்துங்கள். இருட்டில் திறந்த சம்ப் பிள்ளைகளுக்கு ஆபத்து, மழைக் காலத்தில் டெங்கு கொசுவுக்கும் அதுதான் வீடு.

மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் உடனே மோட்டார் சுவிட்சை அணைத்துவிடுங்கள். இதை மறப்பவர்கள் அதிகம். ராத்திரி இரண்டு மணிக்குக் கரண்ட் வரும், மோட்டார் தானே கிளம்பும், தொட்டி நிறைந்து வழியும். போர் மோட்டாராக இருந்து அடியில் தண்ணீர் ஊறாமல் இருந்தால் வெறுமே ஓடிச் சுருள் கருகும். தொட்டி நிரம்பி வழிவதற்கும் மோட்டாரைக் கழற்றி மேலே ஏற்றுவதற்கும் உள்ள செலவு வித்தியாசம் தெரிந்தவர்களுக்கு இதை இரண்டாம் முறை சொல்ல வேண்டியதில்லை.

இன்வெர்ட்டர்: வாங்கும் கணக்கும் பார்க்கும் கணக்கும்

மதுரையில் ஏராளமான வீடுகளுக்கு இன்வெர்ட்டர் வந்தது 2011, 2012 மின்வெட்டுக் காலத்தில். அப்போது அவசரத்தில் இழுத்த வயரிங் இன்றும் பல வீடுகளில் அப்படியே இருக்கிறது. பேட்டரியை இரண்டு முறை மாற்றியிருப்பார்கள், வயரைத் திறந்து பார்த்திருக்க மாட்டார்கள். இந்த வருடம் திறந்து பாருங்கள்.

முதலில் பேட்டரிக் கணக்கு. 150 ஏ.ஹெச்., 12 வோல்ட் டியூபுலர் பேட்டரி என்றால் பெருக்கினால் 1800 வாட்-மணி. இன்வெர்ட்டரில் வீணாவது போக, பேட்டரியை அடிவரை உறிஞ்சாமல் கொஞ்சம் மிச்சம் வைத்தால், கைக்கு வருவது 1100 முதல் 1200 வரைதான். பழைய சீலிங் ஃபேன் ஒன்று 75 வாட். இரண்டு ஃபேன், இரண்டு எல்.இ.டி. டியூப், ஒரு வைஃபை ரவுட்டர் சேர்த்தால் 200 வாட் வரும். புது பேட்டரி ஐந்தரை மணி நேரம் தாங்கும். அதே இரண்டு ஃபேனையும் 30 வாட் பி.எல்.டி.சி. ஃபேனாக மாற்றினால் மொத்தம் 110 வாட், அதே பேட்டரியில் பத்து மணி நேரம். இரண்டாவது பேட்டரி வாங்க நினைப்பவர்கள் அந்தக் காசுக்கு முதலில் படுக்கையறை ஃபேன்களை மாற்றுங்கள். பேட்டரி நாலைந்து வருடத்தில் போய்விடும், ஃபேன் சம்பாதித்துக் கொடுத்துக்கொண்டே இருக்கும். கார்த்திகையில் எதற்கு ஃபேன் என்று கேட்பவர்கள் மதுரைக் கொசுவை அறியாதவர்கள்.

இனி பேட்டரியைப் பார்க்கும் முறை. கை விரலில் மோதிரம், கையில் வளையல், வாட்ச் எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டு உட்காருங்கள். 12 வோல்ட்தானே என்று நினைக்க வேண்டாம். ஷாக் அடிக்காது என்பது உண்மை. ஆனால் இரண்டு முனைக்கும் நடுவில் ஒரு மோதிரம் மாட்டினால் அது நொடியில் பழுக்கக் காய்ந்து விரலைச் சுட்டுவிடும். ஸ்பேனரின் கைப்பிடிக்கு இன்சுலேஷன் டேப் சுற்றிக்கொள்ளுங்கள். சுவரில் இன்வெர்ட்டருக்கு வரும் பிளக்கைப் பிடுங்கி, இன்வெர்ட்டரின் சுவிட்சையும் அணைத்துவிட்டு, கறுப்பு வயரை, அதாவது மைனஸை, முதலில் கழற்றுங்கள். மாட்டும்போது அதைக் கடைசியாக மாட்டுங்கள்.

முனையில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் ஒரு டம்ளர் வெந்நீரில் ஒரு ஸ்பூன் ஆப்ப சோடா கலந்து, பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேயுங்கள். நுரைத்துக்கொண்டு வரும். அந்தத் தண்ணீர் மூடித் துவாரம் வழியாகப் பேட்டரிக்குள் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சோடா உள்ளே போனால் ஆசிட்டைக் கெடுக்கும். துணியால் துடைத்து, நன்றாகக் காய விட்டு, நட்டை இறுக்கி, அதன் பிறகே மேலே வாசலின் தடவ வேண்டும். முதலிலேயே தடவிவிட்டு இறுக்குகிறவர்கள் உண்டு, தொடர்பு சரியாகக் கிடைக்காது. நட்டு தளர்ந்திருந்தால் அந்த இடம் சூடாகி வயரின் தோல் கறுத்திருக்கும். அப்படிக் கறுத்த வயரை வெட்டி, புது லக் அடித்துப் போடச் சொல்லுங்கள்.

தண்ணீர் மட்டம் காட்டும் மிதவை ஆறு இருக்கும். சிவப்புக் கோட்டுக்கு இறங்கியிருந்தால் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுங்கள், பச்சைக் கோட்டுக்கு மேலே போக வேண்டாம். பேட்டரி முழு சார்ஜ் ஆன பிறகு ஊற்றுவது நல்லது, சார்ஜ் ஏறும்போது மட்டம் உயரும் என்பதால் முதலிலேயே நிரப்பினால் ஆசிட் வழிந்துவிடும். தகடு வெளியே தெரிகிற அளவு வற்றியிருந்தால் மட்டும் தகடு மூழ்கும் வரை கொஞ்சம் ஊற்றிவிட்டு சார்ஜ் போடுங்கள். போர் தண்ணீர் கூடவே கூடாது. மதுரைப் பக்கத்து உப்புத் தண்ணீர் ஒரே வருடத்தில் பேட்டரியைத் தின்றுவிடும். ஆர்.ஓ. தண்ணீரும் டிஸ்டில்டு வாட்டருக்கு ஈடாகாது. ஆசிட் ஊற்றினால் புதுசு போல ஆகும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். வற்றுவது தண்ணீர் மட்டும்தான், ஆசிட் உள்ளேயே இருக்கிறது.

சார்ஜ் ஆகும்போது பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வரும். மூடிய அலமாரி, கட்டிலுக்கு அடி, பூஜை அறை மூலை, இந்த மூன்று இடத்திலும் பேட்டரி வைக்கக் கூடாது. விளக்கேற்றும் அறையில் பேட்டரி வைத்திருக்கும் வீடுகளைப் பார்த்தால் பயமாக இருக்கிறது. செல்லூர், நரிமேடு போல மழைத் தண்ணீர் வீட்டுக்குள் ஏறும் இடங்களில் தரைத்தள வீட்டுக்காரர்கள் பேட்டரியை இரண்டடி மேடை கட்டி ஏற்றுங்கள், 150 ஏ.ஹெச். பேட்டரி ஐம்பது கிலோவுக்கு மேல் இருக்கும், தண்ணீர் வந்த பிறகு தூக்கி வைக்க முடியாது.

எல்லாம் முடிந்ததும் ஒரு சோதனை. பேட்டரி நிறைந்த ஒரு நாள் சாயங்காலம் ஏழு மணிக்கு மெயினை அணைத்துவிட்டு, வழக்கமான லைட், ஃபேனை ஓட விடுங்கள். இன்வெர்ட்டர் கத்தத் தொடங்கும் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மேலே சொன்ன கணக்கில் பாதிகூட வரவில்லை என்றால் பேட்டரி முடிந்தது. ஐப்பசிக்கு முன்னால் மாற்றிவிடுங்கள். சோதனை முடிந்ததும் முழுதாகச் சார்ஜ் ஏற விடுங்கள், காலியான பேட்டரி நிறையப் பத்து மணி நேரம் பிடிக்கும். மழை நாளில் நாலு மணி நேரம் போய் இரண்டு மணி நேரம் வந்து மறுபடி போனால் பேட்டரி பாதிதான் நிறைந்திருக்கும் என்பதையும் இதிலிருந்தே புரிந்துகொள்ளலாம். இரண்டாவது முறை போகும்போது டி.வி.யை விட்டுவிடுங்கள்.

வயரிங்கில் இரண்டு கோளாறு அடிக்கடி வரும். ஒன்று, கரண்ட் இருக்கும்போதே பேட்டரி தீர்ந்து போவது. இன்வெர்ட்டரின் பின்பக்கமோ முன்பக்கமோ ஒரு சிறு சுவிட்ச் ‘யு.பி.எஸ்.’ நிலையில் இருக்கும். அந்த நிலையில் 180 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினாலே பேட்டரிக்கு மாறிவிடும். வோல்டேஜ் குறைவாக வரும் தெருவில் சாயங்காலம் முழுக்க பேட்டரியில்தான் ஓடும், உங்களுக்குத் தெரியாது. கம்ப்யூட்டர் இல்லாத வீட்டில் அதைச் சாதாரண நிலைக்கு மாற்றுங்கள். இரண்டு, இன்வெர்ட்டர் லைனுக்கும் மற்ற லைனுக்கும் நியூட்ரல், அதாவது கரண்ட் திரும்பிப் போகும் கம்பி, ஒன்றாகவே இருப்பது. கரண்ட் கசிந்தால் உடனே லைனைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி.யைப் புதிதாகப் போட்டதும் அது காரணமில்லாமல் விழுந்துகொண்டே இருக்கும். உடனே ‘ஆர்.சி.சி.பி. சரியில்லை’ என்று அதைக் கழற்றி எறிகிறார்கள். உயிர் காக்கும் பொருள் அது. எலக்ட்ரீஷியனிடம் நியூட்ரலைத் தனியாகப் பிரிக்கச் சொல்லுங்கள், விழுவது நின்றுவிடும்.

மாடியில் சோலார் போட்டவர்களுக்கு ஒரு வார்த்தை. 2024-இல் வந்த பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் மானியத்துடன் போடப்படுபவை பெரும்பாலும் ஈ.பி. லைனோடு இணைந்தவை. கரண்ட் போனால் அவையும் நின்றுவிடும், பட்டப்பகல் வெயிலிலும்கூட. கம்பத்தில் ஏறியிருக்கும் லைன்மேனுக்கு உங்கள் வீட்டுக் கரண்ட் பாயக் கூடாது என்பதற்காக அப்படி அமைத்திருக்கிறார்கள். சோலார் இருக்கிறதே என்று இன்வெர்ட்டர் பேட்டரியை விற்றுவிடாதீர்கள்.

ஜெனரேட்டர் வாடகைக்கு எடுப்பவர்கள் அதை வராண்டாவில்கூட வைக்காமல் வெளியே வையுங்கள், புகையில் மணமில்லாத விஷவாயு இருக்கிறது. பிளக் பாயின்ட்டில் இரண்டு பக்கமும் பின் உள்ள வயரைச் செருகி வீட்டுக்குக் கரண்ட் கொடுப்பது தெருவில் வேலை செய்கிறவரைக் கொல்லும்.

கரண்ட் அரைகுறையாக வரும்போது

முழுதாகப் போன கரண்டை விட, பாதி வந்த கரண்ட் அதிகச் சேதம் செய்யும். இதை வீட்டில் உள்ள எல்லோரும், முக்கியமாகப் பகலில் தனியாக இருக்கும் பெரியவர்கள், தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

மழையில் கம்பத்திலோ டிரான்ஸ்ஃபார்மரிலோ நியூட்ரல் கம்பி அறுந்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். உங்கள் வீடு ஒரு ஃபேஸில், அதாவது கரண்ட் கொண்டுவரும் ஒரு கம்பியில், எதிர் வீடு இன்னொரு ஃபேஸில். திரும்பிப் போகும் பாதை அறுந்ததும் இரண்டு வீடும் ஒன்றன்பின் ஒன்றாகக் கோர்த்தது போல ஆகிவிடும். இரண்டு ஃபேஸுக்கும் நடுவில் இருப்பது 400 வோல்ட்டுக்கு மேல். எந்த வீட்டில் சாமான் குறைவாக ஓடுகிறதோ அந்த வீட்டுக்கு 300 வோல்ட்டுக்கு மேல் ஏறும், அதிகம் ஓடும் வீட்டுக்கு நூற்றுச் சொச்சத்துக்கு இறங்கும். அடையாளம் இதுதான்: லைட் திடீரென்று பளீரென்று வெள்ளையாக எரியும், ஃபேன் காற்றாடி போலச் சீறும், டி.வி. பெட்டியிலோ ஸ்டெபிலைசரிலோ கருகல் வாடை வரும். அப்போது யோசிக்க நேரமில்லை. ஒவ்வொரு பிளக்காகப் பிடுங்கிக்கொண்டிருக்காதீர்கள். ஓடிப்போய் மெயினை இறக்குங்கள். அதன் பிறகு எதிர் வீட்டுக்கும் குரல் கொடுங்கள். புகார் சொல்லும்போது ‘கரண்ட் இல்லை’ என்று சொல்லாமல் ‘நியூட்ரல் கட்’ என்று சொல்லுங்கள், வருகிறவர் எதை எடுத்துக்கொண்டு வர வேண்டும் என்று தெரிந்து வருவார்.

வீட்டில் எதுவுமே எரியவில்லை, ஆனால் டெஸ்டரைப் பிளக் பாயின்ட்டின் இரண்டு ஓட்டையிலும் வைத்தால் இரண்டிலும் எரிகிறது என்றால், உங்கள் சர்வீஸ் வயரிலேயே நியூட்ரல் விட்டுவிட்டது. கரண்ட் இல்லை என்று நினைத்து ஃபேனைக் கழற்றவோ பல்பை மாற்றவோ போகாதீர்கள். கம்பி முழுக்கக் கரண்ட் நிற்கிறது.

வோல்டேஜ் குறைவது இன்னொரு விஷயம். முன்பெல்லாம் குண்டு பல்பு மங்கினால் தெரிந்துவிடும். எல்.இ.டி. 150 வோல்ட்டிலும் அதே வெளிச்சம் தருவதால் இப்போது கண்ணுக்குத் தெரிவதில்லை. ஃபிரிட்ஜ் மட்டும் உர்ரென்று முனகி, கிளம்பாமல், சூடாகிக்கொண்டிருக்கும். பிளக்கில் செருகி வைக்கும் சின்ன டிஜிட்டல் வோல்ட் மீட்டர் ஒன்று எலக்ட்ரிக்கல் கடைகளில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஹாலில் எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் செருகி வையுங்கள். 200-க்குக் கீழே காட்டினால் ஃபிரிட்ஜ், மோட்டார், ஏ.சி. மூன்றும் வேண்டாம். 250-க்கு மேலே போனால் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். இவ்வளவு பெரிய கையேட்டில் ஒரே ஒரு பொருள்தான் வாங்க முடியும் என்றால் இதை வாங்குங்கள்.

மூன்று ஃபேஸ் வீடுகளில் ஒரு ஃபேஸ் போனால் சேஞ்ச்ஓவரைத் திருப்பி எல்லாவற்றையும் மிச்சமிருக்கும் ஃபேஸில் ஏற்றுவது வழக்கம். தெரு முழுக்க அதையே செய்யும், அந்த ஃபேஸின் ஃபியூஸும் போகும். லைட், ஃபேனை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

இடி இடிக்கும்போது டி.வி. பிளக்கைப் பிடுங்கினால் போதாது. கேபிள் ஒயரையும் பின்னாலிருந்து கழற்றுங்கள். நம் சந்துகளில் கேபிள் ஒயர் கம்பத்துக்குக் கம்பம் கட்டித்தான் வருகிறது, டி.வி. பலியாவது பாதி அந்த வழியாகத்தான். தொலைபேசிக் கம்பியில் வரும் இன்டர்நெட்டுக்கும் இதே கதி, கண்ணாடி இழையில் வருவதற்கு மட்டும் இல்லை.

ஆர்.சி.சி.பி.யில் ‘டி’ என்று ஒரு சின்னப் பொத்தான் இருக்கும். மாதம் ஒரு தடவை அழுத்துங்கள், டக்கென்று விழ வேண்டும். விழவில்லை என்றால் மாற்றுங்கள். ஆர்.சி.சி.பி.யே இல்லாத வீடு, முக்கியமாக மாசி வீதிகளுக்கு உள்ளே இருக்கும் பழைய வீடுகள், 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்று போடாமல் இந்த மழைக் காலத்துக்குள் போக வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறோம். ஈரச் சுவரில் சுவிட்ச் போர்டு லேசாக ‘சுர்’ என்றால் அது எச்சரிக்கை. எர்த் குழியில் இரும்பு பைப் துருப்பிடித்திருக்கிறதா, எர்த் கம்பி அறுந்திருக்கிறதா என்றும் எலக்ட்ரீஷியனைப் பார்க்கச் சொல்லுங்கள். துணி காயப்போட இரும்புக் கம்பி கட்டியிருந்தால் அதை அவிழ்த்து நைலான் கயிறு கட்டுங்கள். ஒரு வயர் அதன் மேல் உரசியதால் மழை நாளில் துணி எடுக்கப் போனவர்கள் செத்த செய்தி வருடா வருடம் வருகிறது.

ஃபிரிட்ஜும் மருந்தும்

திறக்காத ஃபிரிட்ஜ் நாலு மணி நேரம் தாங்கும். கரண்ட் போனதும் அடுத்த வேளைக்கு வேண்டிய மாவு, பால், தயிரை ஒரே தடவையில் எடுத்துவிட்டுக் கதவைச் சாத்துங்கள். ஃப்ரீசரில் இரண்டு லிட்டர் பாட்டிலில் முக்கால் அளவு தண்ணீர் பிடித்து இரண்டு பாட்டில் எப்போதும் உறைய வையுங்கள். நேரம் நீண்டால் அவற்றைக் கீழே பால் தட்டில் வைக்கலாம். வெளியூர் போகிறவர்கள் ஒரு டம்ளர் தண்ணீரை உறைய வைத்து மேலே ஒரு ரூபாய் நாணயம் வைத்துவிட்டுப் போங்கள். திரும்பி வரும்போது நாணயம் அடியில் கிடந்தால் நடுவில் எல்லாம் உருகி மறுபடி உறைந்திருக்கிறது. உள்ளே இருக்கும் கறி, மீனைத் தூக்கி எறியுங்கள். இட்லி மாவு அரைக்க வேண்டியிருந்தால் மழை நாளில் காலையிலேயே கிரைண்டரைப் போட்டுவிடுங்கள். பாதி அரைத்த உளுந்து வீணாவது தனித் துக்கம்.

இன்சுலின் போடுகிறவர்கள் பதற வேண்டியதில்லை. பயன்பாட்டில் இருக்கும் பாட்டில் அல்லது பேனா 30 டிகிரிக்குக் கீழே பெரும்பாலும் நாலு வாரம் வரை வெளியே தாங்கும். எத்தனை நாள் என்று பெட்டிக்குள் உள்ள தாளில் எழுதியிருக்கும், பாருங்கள். திறக்காத இருப்பைத்தான் குளிர்ச்சியில் காக்க வேண்டும். மானாமதுரை மண்பானை இரண்டு வாங்குங்கள், ஒன்று பெரியது, ஒன்று அதற்குள் அடங்குவது. நடுவில் ஆற்று மணல் நிரப்பி, மணலை ஈரமாகவே வைத்திருங்கள். இன்சுலினை ஜிப் கவரில் போட்டு உள்பானையில் வைத்து ஈரத் துணியால் மூடி, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். அடை மழையில் காற்றே ஈரமாக இருக்கும்போது இது கோடையில் தருகிற அளவு குளிர்ச்சி தராது, ஆனால் வெளி வெப்பத்தை விடக் குறைவாகவே இருக்கும். ஐஸ்கட்டி மேல் நேராக வைப்பதுதான் பெரிய தவறு. உறைந்த இன்சுலின் கெட்ட இன்சுலின், உருகினாலும் பயன்படாது.

வீட்டில் ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டர் இருந்தால், 5 லிட்டர் மெஷின் ஏறக்குறைய 350 வாட் எடுக்கும். மேலே சொன்ன பேட்டரி அதை மட்டும் ஓட்டினாலே மூன்று மணி நேரம்தான். நிறைந்த சிலிண்டர் ஒன்று, அதைத் திறக்கத் தெரிந்த ஒருவர், இரண்டும் வீட்டில் இருக்க வேண்டும்.

வெளிச்சம், போன்

இன்வெர்ட்டர் இல்லாத வீட்டுக்கு, உள்ளேயே பேட்டரி வைத்த எமர்ஜென்சி பல்பு நல்ல பொருள். 9 வாட் பல்பு மூன்று, நாலு மணி நேரம் எரியும். வாங்கியவுடன் முழு சார்ஜ் ஏற நாளெல்லாம் சுவிட்சைப் போட்டு வைக்க வேண்டும். கரண்ட் போன பிறகும் சுவிட்ச் ஆனில்தான் இருக்க வேண்டும். சமையலறையில் ஒன்று, மாடிப்படியில் ஒன்று, பாத்ரூமில் ஒன்று. டார்ச்சுக்கு ஒரே இடம் வைத்து, எடுத்தவர் அங்கேயே திருப்பி வைக்கப் பழக்குங்கள். மெழுகுவர்த்தி ஏற்றினால் தண்ணீர் ஊற்றிய தட்டின் நடுவில் நிறுத்துங்கள். கார்த்திகைக்கு எடுத்த அகல் விளக்குக்கும் அதேதான்; திரைச்சீலைப் பக்கம் வேண்டாம், சிலிண்டர் பக்கம் வேண்டவே வேண்டாம்.

10000 எம்.ஏ.ஹெச். பவர் பேங்க் 5000 எம்.ஏ.ஹெச். போனை ஒரு தடவைக்குச் சற்று மேலே ஏற்றும், இரண்டு தடவை ஏற்றாது. பவர் பேங்க்கில் எழுதியிருப்பதில் அறுபது சதவீதம் போல்தான் போனுக்குப் போய்ச் சேரும். வீட்டுக்கு ஒரு 20000 போதும். கரண்ட் நீண்டால் செல்போன் கோபுரமும் படுக்கும், அப்போது பேட்டரி ரேடியோதான் பேசும். கொடைக்கானல் பண்பலை 100.5 மதுரைக்கு நன்றாகவே எடுக்கும்.

புகார் எண்களைப் போனில் மட்டும் வைக்காமல் மீட்டர் பெட்டிக் கதவின் உள்பக்கம் எழுதி ஒட்டுங்கள்: மின்வாரியப் புகார் மையமான மின்னகம் 94987 94987, பொது மின்புகார் 1912, மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை 1077. அதன் கீழே உங்கள் மின் இணைப்பு எண். மதுரை மண்டல எண்கள் 05 என்று தொடங்கும். உங்கள் டிரான்ஸ்ஃபார்மரில் பெயின்ட்டில் எழுதியிருக்கும் பெயரையும் பகலில் போய்ப் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். போன் செய்வதற்கு முன் பாருங்கள்: உங்கள் வீடு மட்டுமா, உங்கள் வரிசை மட்டுமா, தெரு முழுக்கவா. உங்கள் வீடு மட்டும் என்றால் மீட்டர் பக்கத்து எம்.சி.பி., அதாவது தானே விழும் சுவிட்ச், விழுந்திருக்கலாம். எல்லா சுவிட்சையும் அணைத்துவிட்டு ஒரு தடவை ஏற்றுங்கள். மறுபடி விழுந்தால் விட்டுவிடுங்கள், எங்கோ ஈரம் இறங்கியிருக்கிறது. மாதாந்திரப் பராமரிப்புக்காகப் பகலில் நிறுத்துவது முந்தின நாள் நாளிதழில் சப்ஸ்டேஷன் பெயரோடு வந்துவிடும். அதற்குப் புகார் சொல்லிப் பயனில்லை.

தெருவில் கம்பி அறுந்து கிடந்தால்

கரண்ட் போயிருந்தாலும் அந்தக் கம்பியில் கரண்ட் இருக்கிறது என்றே நினையுங்கள். சப்ஸ்டேஷனில் மறுபடி போட்டுப் பார்ப்பார்கள், அந்த நொடியில் உயிர் வந்துவிடும். முப்பது அடிக்குள் யாரையும் விடாதீர்கள். தெருவில் தேங்கிய தண்ணீரில் கிடந்தால் அந்தத் தண்ணீரும் கம்பிதான். ஏற்கெனவே பக்கத்தில் போய்விட்டால் திரும்பி ஓடாதீர்கள். நிலத்தில் பரவும் கரண்ட் ஒரு காலில் ஏறி இன்னொரு காலில் இறங்கும், கால்கள் எவ்வளவு அகலுமோ அவ்வளவு ஆபத்து. இரண்டு பாதத்தையும் ஒட்டி, தரையை விட்டு எடுக்காமல் தேய்த்துத் தேய்த்து விலகுங்கள். மாட்டை ஸ்டே கம்பியில், அதாவது மின்கம்பம் சாயாமல் இழுத்துக் கட்டிய கம்பியில், கட்டும் பழக்கம் சோழவந்தான், மேலூர்ப் பக்கம் இன்னும் இருந்தால் மழைக் காலத்துக்காவது விட்டுவிடுங்கள். தென்னை மட்டை லைனில் உரசுகிறது என்று தெரிந்தால் அலுமினியத் துறட்டியோடு ஏறாதீர்கள். லைனை நிறுத்தி வெட்டச் சொல்லிப் பிரிவு அலுவலகத்தில் மழைக்கு முன்பே எழுதிக் கொடுங்கள்.

வீட்டுக்குள் தண்ணீர் ஏறத் தொடங்கினால், அது பிளக் பாயின்ட் உயரத்தைத் தொடும் முன்பே, காய்ந்த கையோடு, ரப்பர் செருப்போடு மெயினை இறக்குங்கள். தொட்டுவிட்டது என்றால் உள்ளே போகாதீர்கள், வெளியிலிருந்து மின்னகத்துக்குச் சொல்லி லைனையே நிறுத்தச் சொல்லுங்கள்.

கரண்ட் வந்ததும் செய்ய வேண்டியது

வந்த கரண்ட் இரண்டு, மூன்று தடவை போய் வருவது சகஜம். பிரேக்கரைப் போட்டுப் பார்க்கிறார்கள். அதனால் ஒரு லைட்டை மட்டும் போட்டு விட்டு வோல்ட் மீட்டரைப் பாருங்கள். ஐந்து நிமிடம் 200-க்கும் 250-க்கும் நடுவில் நிலையாக நின்றால் ஃபிரிட்ஜ் பிளக்கைச் செருகுங்கள். ஓடி நின்ற கம்ப்ரஸருக்குள் அழுத்தம் இறங்க மூன்று நிமிடமாவது வேண்டும், அதற்குள் மறுபடி கிளம்பச் சொன்னால் இழுக்க முடியாமல் சூடாகும். அடுத்து டி.வி. மோட்டாரைக் கடைசியாகப் போடுங்கள். தெரு முழுக்க ஒரே நேரத்தில் மோட்டார் போடுவதால் வோல்டேஜ் இறங்கும் அந்த முதல் கால் மணி நேரத்தை விட்டுவிட்டு.